ப்ளூடூத் சுகர் மெஷின்: மெஷின் பாஸ், ஆப் ஃபெயில், ஆய்வுக்கு மார்க்கே இல்லை

விரலில் குத்திச் சுகர் பார்த்து, அளவைப் போனில் உள்ள ஆப்புக்கு அனுப்புகிற மெஷின் இது. கண் நன்றாகத் தெரிகிறவர்களுக்கு இது போதும், தாராளமாக வாங்கலாம். என்னை மாதிரி பார்வை போனவர்கள் இப்போதைக்கு வாங்க வேண்டாம். வாங்கிய பிறகு "ஒரு ஆய்வு நடக்குது சார், சேர்ந்தீங்கன்னா ஸ்ட்ரிப் இலவசம்" என்று போன் வந்தால், சரி சொல்வதற்கு முன்னால் இதைக் கடைசி வரை படித்துவிடுங்கள், இல்லையென்றால் யாரையாவது வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். கம்பெனி பெயரைப் போடவில்லை. அவர்களுக்கு நான் அனுப்பிய மெயிலுக்கு இன்னும் முழுப் பதில் வரவில்லை, வரட்டும் என்று பார்க்கிறேன். தவிர, இதே கோளாறு வேறு கம்பெனி ஆப்களிலும் உண்டு என்று நண்பர்கள் சொல்கிறார்கள், இவர்கள் ஒருத்தரை மட்டும் பிடித்து உலுக்குவதில் பிரயோஜனம் இல்லை.

என்னைப் பற்றிச் சுருக்கமாக. காரைக்குடியில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவன். சுகர் இளவயதிலேயே வந்துவிட்டது, விழித்திரையில் ரத்தம் கசிந்து, மதுரைக்குப் போய் லேசர் வைத்தும் வலது கண் போய்விட்டது. இடது கண்ணில் வெளிச்சம் தெரியும், ஆள் நிற்பது தெரியும், யார் என்று தெரியாது. வீட்டுக்காரம்மா அதிரசம், சீப்புச் சீடை, மனகோலம் என்று ஆர்டருக்குப் பலகாரம் போடுகிறார். சுகர்காரன் வீட்டில் தினமும் பாகு காய்ச்சுகிற வாசனை, இதைவிட என்ன சோதனை வேண்டும் சொல்லுங்கள்.

மக்களைத் தேடி மருத்துவத்தில் வருகிற அக்கா எங்கள் தெருவுக்கும் வருவார், சுகர் பார்ப்பார், பிரஷர் பார்ப்பார், அளவைச் சத்தமாகச் சொல்லிவிட்டு மாத்திரை கொடுத்துவிட்டுப் போவார். 2021-இல் ஆரம்பித்த திட்டம், நல்ல திட்டம், அதில் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. ஆனால் இன்சுலின் போடுகிறவன் சாப்பாட்டுக்கு முன்னால் தினமும் பார்க்க வேண்டும். அந்த நேரம் பார்த்து வீட்டுக்காரம்மா எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால் நிற்பார். ஒவ்வொரு தடவையும் அவரைக் கூப்பிட்டு "எவ்வளவு காட்டுது பாரு" என்று கேட்பது எனக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான் விஷயம். என் ரத்தம், என் சுகர், எனக்கே முதலில் தெரிய வேண்டும் என்று நினைப்பது பெரிய ஆசை இல்லையே.

அதனால்தான் கல்லுக்கட்டி பக்கம் ஒரு மெடிக்கலில் இதை வாங்கினேன். டப்பாவில் "குரல் வசதி உள்ள ஆப்" என்று போட்டிருப்பதாகக் கடைத் தம்பி வாசித்துக் காட்டினார். 25 ஸ்ட்ரிப்போடு சேர்த்து 1,400 ரூபாய்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். மெஷின் கைக்கு அடக்கமாக இருக்கிறது, ஸ்ட்ரிப் நுழைகிற வாய் விரலில் தட்டுப்படுகிறது. ஸ்ட்ரிப்பின் ஒரு முனையில் சின்னதாக ஒரு பள்ளம், அதைத் தடவிப் பார்த்தே எந்தப் பக்கம் உள்ளே போக வேண்டும் என்று தெரிந்துகொள்ளலாம். சொருகினால் ஒரு பீப், ரத்தம் போதுமான அளவு ஏறினால் இன்னொரு பீப். குத்தின விரலின் ஓரத்தில் ஸ்ட்ரிப் முனையை வைத்து மெதுவாக நகர்த்திக்கொண்டே வந்தால் சொட்டு இருக்கிற இடம் வந்ததும் தானாக உறிஞ்சிக்கொள்ளும், கண்ணே தேவையில்லை. ஸ்ட்ரிப் டப்பாதான் தொல்லை, மூடி வெடுக்கென்று திறந்து பாதி ஸ்ட்ரிப் ஆத்தங்குடிக் கல் தரையில் சிதறும். அந்த வழவழப்பில் ஒட்டிக்கொண்ட ஸ்ட்ரிப்பை நகத்தால் எடுத்துப் பாருங்கள், தெரியும்.

அளவும் சரியாகவே காட்டுகிறது. வெறும் வயிற்றில் லேபில் 182 வந்த அன்று இதில் 174. இந்த மாதிரி மெஷின்களுக்கு ஐ.எஸ்.ஓ. 15197 என்று ஒரு உலகத் தரம் இருக்கிறது, 2013-இல் திருத்தியது. சுகர் 100-க்குக் கீழே இருந்தால் 15 மில்லிகிராம் வரையிலும், 100-ம் அதற்கு மேலும் இருந்தால் 15 சதவீதம் வரையிலும் முன்னே பின்னே இருக்கலாம், நூற்றுக்கு 95 தடவை அந்த வரம்புக்குள் வர வேண்டும் என்பது கணக்கு. அதற்குள் வந்துவிட்டது. இதுவரை மெஷின் பாஸ்.

அப்புறம் ஆப்.

போனில் டாக்பேக் போட்டுத்தான் நான் எல்லாம் செய்வேன், விரல் படுகிற இடத்தில் என்ன இருக்கிறது என்று அது வாசித்துச் சொல்லும். இந்த ஆப்பைத் திறந்தால் முதல் திரையிலேயே "லேபிள் இல்லாத பட்டன்", நகர்த்தினால் மறுபடி "லேபிள் இல்லாத பட்டன்", அதற்கடுத்ததும் அப்படியே. எது ரிசல்ட், எது பழைய கணக்கு, எது கம்பெனிக்குப் போன் போடுகிற பட்டன் என்று தெரியாது. புரோகிராம் எழுதினவர் பட்டனுக்கு ஒரு பெயரை உள்ளே எழுதி வைத்திருந்தால் டாக்பேக் அதை வாசித்திருக்கும், ஒரு பட்டனுக்கு ஒரு வரி, அவ்வளவுதான் வேலை. ரிசல்ட் எண்ணைப் படமாக வரைந்து வைத்திருந்தார்கள், அதனால் அதுவும் பேசவில்லை. அப்படியானால் டப்பாவில் போட்ட "குரல் வசதி" என்ன? ஆப் திறந்ததும் ஒரு பெண் குரல் "வணக்கம், நலமாக இருக்கிறீர்களா" என்று கேட்கிறது. அதுதான் குரல் வசதி.

சுகர் 70-க்குக் கீழே இறங்கினால் எண் சிவப்பாக மாறுமாம். நிறம் மட்டும். சத்தம் இல்லை, அதிர்வு இல்லை. தாழ்சுகரில் கை நடுங்கிக்கொண்டு வியர்த்துப் போய் உட்கார்ந்திருக்கிறவனுக்கு, அதுவும் பார்வை இல்லாதவனுக்கு, சிவப்பு நிறத்தை வைத்து என்ன செய்யச் சொல்கிறார்கள் என்று தெரியவில்லை.

அப்போது திரையில் ஒரே ஒரு இடத்தில் மட்டும் எழுத்து பேசியது, அதுவும் எப்படிப் பேசியது என்று கேளுங்கள். தீபாவளிக்குத் தேவகோட்டையிலிருந்து என் அக்கா வந்திருந்தார். அதிரசத்துக்குப் பாகு கிளறிக்கொண்டிருந்தவர், "எனக்கும் ஒரு தடவை பாருடா" என்று முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து விரலை நீட்டினார். குத்தி, ஸ்ட்ரிப்பை வைத்து, பீப் வந்து, போனைத் தடவினால் போன் "ஹாய்" என்கிறது. "ஹாய்ங்குதே, என்னடா இது, நம்மகிட்ட பேசுதா?" என்று அக்கா சிரிக்கிறார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சுகர் 600-க்கு மேல் போனால் எண்ணுக்குப் பதில் எச், ஐ என்று இரண்டு எழுத்து வரும், 'ஹை', அதாவது அளவு மிக அதிகம் என்று அர்த்தம், உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டிய எழுத்து அது. போன் அதை ஒரு சொல்லாக எடுத்துக்கொண்டு வணக்கம் சொல்கிறது. கை கழுவிவிட்டு வந்து மறுபடி பார்த்தால் 162, விரலில் ஒட்டியிருந்த பாகுதான் அந்த வேலையைச் செய்திருக்கிறது. ஆனால் நிஜமாகவே 600 தாண்டின ஒருவர் தனியாக இருந்து, போன் "ஹாய்" என்று சொல்லியிருந்தால்?

நான் சொன்ன அந்த ஐ.எஸ்.ஓ. தரத்திலேயே இன்னொரு பகுதி உண்டு. மெஷினை லேபில் வைத்துப் பார்த்தால் மட்டும் போதாது, சாதாரண ஆட்கள் குறைந்தது நூறு பேர், யாரும் சொல்லிக்கொடுக்காமல், கூட வருகிற தாளை மட்டும் வைத்துக்கொண்டு தாங்களே குத்திப் பார்த்துக் காட்ட வேண்டும். நல்ல விதி. அந்த நூறு பேரில் கண் தெரியாத ஒரே ஒரு ஆள் இருந்திருந்தால் இந்த "ஹாய்" முதல் நாளே பிடிபட்டிருக்கும். கண்ணைக் கெடுக்கிற நோய்க்கு ஒரு கருவி செய்துவிட்டு, கண் கெட்டவனைச் சோதனைக்குக் கூப்பிடாமல் விட்டால் வேறு எப்படி வரும்.

இன்சுலின் பென்னும் இதே கதை. அளவு திருப்பும்போது ஒரு யூனிட்டுக்கு ஒரு சொடுக்கு கேட்கும். கூட வருகிற தாளில் சொடுக்கை எண்ணி அளவு வைக்காதீர்கள், பார்வை இல்லாதவர்கள் துணை இல்லாமல் போடாதீர்கள் என்று எழுதியிருப்பார்கள். அவர்கள் சொல்வது அவர்கள் பாதுகாப்புக்குச் சரி. எங்களில் பாதிப் பேர் சொடுக்கை எண்ணித்தான் போட்டுக்கொண்டிருக்கிறோம் என்பது ஊரறிந்த விஷயம்.

இனி அந்த ஆய்வு. வாங்கிக் கொஞ்ச நாளில் ஒரு பெண் போன் செய்தார், மரியாதையாகத்தான் பேசினார். ஆப்பில் சேருகிற சுகர் கணக்குகளை வைத்து ஒரு ஆராய்ச்சி செய்கிறார்களாம், சேர்ந்தால் ஆறு மாதத்துக்கு ஸ்ட்ரிப் இலவசமாம். ஒரு ஸ்ட்ரிப் இருபது ரூபாய்ப் பக்கம் வருகிறது, தினமும் இரண்டு மூன்று ஆகிறது, யாருக்குத்தான் சபலம் வராது. "ஒப்புதல் படிவம் வாட்ஸ்அப்ல அனுப்பியிருக்கேன் சார், கீழ டிக் பண்ணி அனுப்பிடுங்க" என்றார். திறந்தால் ஸ்கேன் செய்த தாள், பத்துப் பதினோரு பக்கம், டாக்பேக் "படம்" என்ற ஒரு சொல்லோடு நிறுத்திக்கொண்டது.

"ஏம்மா, எனக்குப் பார்வை இல்லை, இதை எப்படி வாசிக்கிறது?" என்றேன். "வீட்ல வேற யாராவது இருந்தா அவங்கள டிக் பண்ணச் சொல்லிடுங்க சார், பரவால்ல." என் கணக்கு எங்கே போகும், யார் பார்ப்பார்கள், ஆறு மாதம் கழித்து வேண்டாம் என்றால் அழிப்பார்களா என்று கேட்டேன். மேலே கேட்டுச் சொல்கிறேன் என்றார். மறுநாள் கூப்பிட்டு, "மேல கேட்டேன் சார், ஸ்க்ரீன் வாசிக்க முடியாதவங்க இந்த ஆய்வுக்குத் தகுதி இல்லையாம், சாரி சார்" என்று சொல்லிவிட்டார். முதல் நாள் வேறு யாராவது எனக்காக டிக் பண்ணினால் நான் ஆய்வில் உண்டு. நானே படித்துவிட்டுப் போடுகிறேன் என்று கேட்டதும் எனக்குத் தகுதி போய்விட்டது.

அந்தப் பெண் மேல் எனக்குக் கோபமே இல்லை, அவரிடம் ஒரு தாளைக் கொடுத்து இதை வாசி என்று உட்கார வைத்திருக்கிறார்கள். கோபம் அந்தத் தாளை எழுதியவர்கள் மேல். மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016-இல் ஆறாவது பிரிவு என்று ஒன்று இருக்கிறது. மாற்றுத்திறனாளி ஒருவரை எந்த ஆராய்ச்சிக்கு உட்படுத்துவதாக இருந்தாலும், விவரம் தெரிந்து அவராக மனமுவந்து சம்மதிக்க வேண்டும், அந்தச் சம்மதத்தை அவருக்கு எட்டுகிற வழியில் வாங்க வேண்டும் என்று அதில் பச்சையாக எழுதியிருக்கிறது. எனக்குக் குரலில், காது கேளாதவருக்குச் சைகையில், இப்படி. அதோடு அரசு அமைக்கிற ஒரு ஆய்வுக் குழுவின் முன் அனுமதியும் வேண்டும், அந்தக் குழுவில் பாதிக்குக் குறையாமல் மாற்றுத்திறனாளிகளோ அவர்களுடைய பதிவு பெற்ற அமைப்புகளின் ஆட்களோ இருக்க வேண்டும். நம் சட்டத்தில் இவ்வளவு தெளிவாக இருக்கிறது என்பதே இந்த விவகாரத்தில் இறங்கின பிறகுதான் எனக்குத் தெரியவந்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், அதாவது ஐ.சி.எம்.ஆர்., 2017-இல் போட்ட ஆராய்ச்சி நெறிமுறையிலும், வாசிக்க முடியாதவருக்கு ஆய்வோடு சம்பந்தமில்லாத ஒரு சாட்சியை வைத்துக்கொண்டு விளக்கிச் சொல்ல வேண்டும் என்று இருக்கிறது. "வீட்ல யாராவது டிக் பண்ணட்டும்" என்று எதிலும் இல்லை.

வீட்டார் கையெழுத்துதானே, அதில் என்ன என்று என் மச்சானே கேட்டார். அமெரிக்காவில் ஸ்டேட்டன் தீவில் வில்லோபுரூக் என்று ஒரு விடுதி இருந்தது, அறிவுசார் குறைபாடு உள்ள பிள்ளைகளுக்கானது. 1956-இலிருந்து பல வருஷம் அங்கே ஒரு ஆராய்ச்சி நடந்தது, பிள்ளைகளுக்கு வேண்டுமென்றே மஞ்சள் காமாலைக் கிருமியைக் கொடுத்து நோய் எப்படிப் போகிறது என்று பார்த்தார்கள். கையெழுத்து இல்லாமல் இல்லை, பெற்றோர் போட்டுக் கொடுத்த கையெழுத்து இருந்தது. ஒரு கட்டத்தில் விடுதியில் இடமில்லை, ஆராய்ச்சி வார்டில் மட்டும் இடம் இருக்கிறது என்ற நிலையில் போட்ட கையெழுத்து. பிள்ளையை வைத்துக்கொண்டு தவிக்கிற தாய் தகப்பன் வேறென்ன செய்வார்கள். இது மாதிரி அக்கிரமங்கள் வெளியே வந்த பிறகுதான் 1979-இல் அந்த நாட்டில் பெல்மான்ட் அறிக்கை வந்தது. ஆராய்ச்சியின் பாரத்தை ஒரு கூட்டம் சுமக்க, பலனை இன்னொரு கூட்டம் அனுபவிக்கக் கூடாது, அது நீதி இல்லை என்று அதில் சொன்னார்கள். சுகர் கணக்கையும் காமாலைக் கிருமியையும் நான் ஒரே தட்டில் வைக்கவில்லை. இலவசத்தைக் காட்டி அடுத்தவர் கையால் சம்மதம் வாங்குகிற பழக்கம் எங்கிருந்து எங்கே போகும் என்று மச்சானுக்குச் சொன்னேன், அவர் பேச்சை மாற்றிவிட்டார்.

ஆராய்ச்சியே வேண்டாம் என்கிற ஆள் இல்லை நான். 2023-இல் வந்த ஐ.சி.எம்.ஆர். ஆய்வு இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சுகர் என்றது, லட்சத்துக்கு மேற்பட்டவர்களைப் பார்த்துச் சொன்ன கணக்கு, அது இல்லாவிட்டால் அரசாங்கம் எதை வைத்துத் திட்டம் போடும். சுகரால் விழித்திரை கெடுகிறதா என்று படத்தைப் பார்த்தே கம்ப்யூட்டர் சொல்கிற ஏற்பாட்டை கூகுள் ஆட்கள் 2016-இல் வெளியிட்டார்கள். அதற்குப் பழக்கக் கொடுத்த 1,28,175 படங்களில் மதுரை அரவிந்த், சென்னை சங்கர நேத்ராலயா கொடுத்தவையும் உண்டு. நம் பக்கத்து ஆட்களின் கண்கள் அதில் இருக்கின்றன, எனக்கு அதில் பெருமைதான். அந்த அரவிந்தை 1976-இல் ஆரம்பித்த டாக்டர் வெங்கடசாமிக்கே முடக்குவாதத்தில் கைவிரல்கள் கோணிப்போயிருந்தன. அந்த விரல்களுக்குத் தக்கபடி கருவி செய்து வைத்துக்கொண்டு கண் ஆபரேஷன் செய்தார், அதுவும் ஒன்றிரண்டு இல்லை. ஆளுக்குத் தகுந்தபடி கருவியை மாற்ற முடியும் என்பதற்கு நாம் ரொம்ப தூரம் போக வேண்டியதில்லை, காரைக்குடியிலிருந்து மதுரைக்கு இரண்டு மணி நேரம் பஸ்.

இன்னொரு பயமும் உண்டு. ஆய்வு முடிந்து கம்பெனி ஆப்பை மூடிவிட்டால் என் பழைய கணக்கெல்லாம் என்ன ஆகும்? ஆர்கஸ் 2 என்று விழித்திரையில் பொருத்துகிற ஒரு கருவி 2013-இல் அமெரிக்காவில் அனுமதி வாங்கியது, உலகம் முழுக்க 350 பேருக்கு மேல் பொருத்திக்கொண்டார்கள். கம்பெனி நொடித்துப்போய் அதைக் கைவிட்டது, பழுது பார்க்க ஆளில்லை, கருவி மட்டும் கண்ணுக்குள்ளேயே. என்னுடையது வெறும் ஆப்தான், அழித்துவிட்டுப் போகலாம், ஆனால் முடிந்த பிறகு என்ன என்ற கேள்விக்கு ஒப்புதல் தாளில் ஒரு பத்தி இருக்க வேண்டாமா.

ஆய்வுக்கு அறிமுகக் கூட்டம் ஒன்றும் நடத்தினார்கள், அதையும் சொல்ல வேண்டும். கோட்டையூர் பக்கம் ஒரு பெரிய பழைய வீட்டை வாடகைக்கு எடுத்திருந்தார்கள். செட்டிநாட்டு வீடு எப்படி இருக்கும் என்று தெரியுமே, தெருவிலிருந்து திண்ணைக்கே ஆள் உயரம் ஏற வேண்டும், அப்புறம் முகப்பு, அப்புறம் வளவு, ஒவ்வொரு நிலைப்படியும் முழங்காலுக்கு வரும். கல்யாணத்துக்கு அழகான இடம். மூன்று சக்கர ஸ்கூட்டரில் வந்த என் நண்பர் வாசலில் நின்று பார்த்தார், நான்கு பையன்கள் தூக்கிவிடுகிறோம் என்று வந்தார்கள், "நான் என்ன சாமியா, தூக்கிட்டுப் போறதுக்கு" என்று சொல்லிவிட்டு வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். மாற்றுத்திறனாளிகளையும் சேர்த்துக்கொண்டோம் என்று இவர்கள் அறிக்கையில் எழுதினால் அந்த வாசலையும் சேர்த்து எழுதட்டும்.

இதையெல்லாம் நான் ஏதோ சலுகை கேட்கிற மாதிரி சிலர் பார்க்கிறார்கள். 2025 ஏப்ரல் 30-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. பேங்கில் ஆள் யார் என்று சரிபார்க்கிற கேஒய்சிக்குக் கேமரா முன்னால் கண் சிமிட்டச் சொல்கிறார்கள், ஆசிட் வீச்சில் முகம் கெட்டவர்களும் பார்வையற்றவர்களும் எப்படிச் சிமிட்டுவார்கள் என்று போட்ட வழக்கு. டிஜிட்டல் சேவை எல்லோருக்கும் எட்டுவது அரசியல் சட்டத்தின் 21-ஆவது பிரிவு சொல்கிற வாழ்வுரிமையோடு சேர்ந்தது என்று நீதிமன்றம் சொன்னது. அப்படிப் பார்த்தால் என் சுகர் அளவை என் போன் எனக்கு வாசித்துக் காட்டுவதும் உரிமைதானே.

கம்பெனிக்கு எழுதினேன். முதலில் "கருத்துக்கு நன்றி" என்று ஒரு மெயில், எல்லோருக்கும் போகிற மெயில்தான். விடாமல் எழுதினதில் ஒரு தம்பி போன் செய்து அரை மணி நேரம் பொறுமையாகக் கேட்டார், அடுத்த அப்டேட்டில் ரிசல்ட் எண்ணை எழுத்தாக மாற்றினார்கள், இப்போது அது வாசிக்கிறது. பட்டன்கள் பாதி பேசுகின்றன, மீதி இன்னும் ஊமை. "ஹாய்" அப்படியேதான் இருக்கிறது. ஒப்புதல் படிவத்தைக் குரலில் பதிந்து தருவது பற்றி யோசிப்பதாகச் சொன்னார். ஆறாவது பிரிவின்படி குழு அனுமதி வாங்கினீர்களா என்ற கேள்விக்குப் பதில் இல்லை. ஆப்பைச் சோதிக்கக் கண் தெரியாத ஆள் ஒருவரைச் சம்பளம் கொடுத்து வைத்துக்கொள்ளுங்கள், நான் வேண்டாம், வேறு யாராவது இருக்கட்டும் என்றேன். "அதுக்கு பட்ஜெட் இல்ல சார்" என்றார். இலவச ஸ்ட்ரிப்புக்கு இருந்த பட்ஜெட்.

வாங்கித்தான் ஆக வேண்டும் என்கிறவர்கள், பணம் கொடுப்பதற்கு முன்னால் கடையிலேயே ஆப்பை இறக்கி, டாக்பேக்கை ஆன் செய்து, ரிசல்ட் திரை வரை விரலால் போய்ப் பாருங்கள். கடைத் தம்பி அலுத்துக்கொண்டால் அலுத்துக்கொள்ளட்டும். மெஷினை ஒரு தடவை பிரித்துவிட்டால் திருப்பி எடுக்க மாட்டேன் என்கிறார்கள், உடைக்காத ஸ்ட்ரிப் டப்பாவை மட்டும் பில் இருந்தால் மாற்றித் தருகிறார்கள்.